அண்ட் சன்ஸ்

ஒரு வரி முனகினால் போதும்.
தமிழ் படிக்கத் தெரியாத தமிழர்கள்,
சனிக்கிழமை சர்க்கரை ஆலையிலிருந்து நேராக வந்தவர்கள்,
கவுண்டரில் முழங்கை ஊன்றி
தானன்னா தானன்னா என்பார்கள். அவ்வளவுதான்.
நான் ஏணி ஏறுவேன்.
நாலாவது அலமாரி, இடக்கைப் பக்கம், கீழ்த்தட்டு.
தவறியதே இல்லை.
ஒருமுறை தவறியது. அது பிறகு.

விக்டோரியா தெருவில் முதல் கடை, ஐம்பத்தெட்டில்.
பலகை எழுத வந்தவன்
எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான்.
மூணு பையன் என்றார் அப்பா மாரிமுத்து படையாச்சி.
பக்கத்தில்தான் நின்றேன்,
சிவப்பு பெயிண்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு.

என் பெயர் ருக்மணி.
பிறப்பைப் பதிந்த குமாஸ்தா
இங்கிலீஷில் எழுதும்போது
கடைசியில் பணம் வந்து ஒட்டிக்கொண்டது.
பெயரிலேயே காசு வைத்திருக்கிறாள் என்பார்கள்.
பெயரில் மட்டும்.

இந்தியா எங்கள் நாட்டோடு
வியாபாரம் முறித்திருந்த காலம்.
பாட்டு நேராக வராது.
லண்டனில் இறங்கி, பெட்டி மாறி,
டர்பன் துறைமுகத்துக்கு வரும்.
சுங்கக்காரனிடம் பில்லை நீட்டுவேன்:
தட்டு, பன்னிரண்டு டஜன், கவனம், உடையும்.
அதில் ஒரு பொய்யுமில்லை.

வெருலம், தோங்காட், மாரிட்ஸ்பர்க்.
எங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்
சாட்ஸ்வொர்த்தில் கொட்டினார்கள், அங்கேயும் ஒன்று.
ஆறாவது லெனேசியாவில்.
மாரிட்ஸ்பர்க்கில் ஜூலு தட்டுகள்தான் ஓடின.
வெள்ளிக்கிழமை கூலி வாங்கிய கையோடு
ம்தெம்பு வருவார்.
பாட்டுக் கேட்கும் பெட்டிக்குள் நுழைந்து
கதவைச் சாத்திக்கொள்வார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சத்தமே இல்லாமல் ஆடுவார்.

அந்தக் கடை லாபத்தில்தான்
பெரியண்ணன் பூபாலன் மெர்சிடிஸ் வாங்கினான்.
பேரேட்டில் அது டெலிவரி வண்டி.
எழுதியது நான்.

கணக்கை முடிக்க வந்த அதிகாரிக்கு
சரிவு தொடங்கிய தேதி வேண்டியிருந்தது.
கேசட் என்பார்கள், சிடி என்பார்கள்,
கிஸ்டன் மாலில் பிடித்த கடையின் வாடகை என்பார்கள்.
எல்லாம் சரிதான்.
எண்பத்திரண்டில் சின்னண்ணன் தனபாலன்
பின்னறையில் இரட்டை டெக் ஒன்றை வைத்தான்.
முன்னால் பதினான்கு ராண்டுக்கு விற்பதைப்
பின்னால் மூன்று ராண்டுக்குப் பதிந்து கொடுத்தான்.
ராத்திரியெல்லாம் அந்த இயந்திரம்
குட்டி போட்ட பூனைபோலச் சூடாகக் கிடக்கும்.
பதிவதற்கு நாங்கள் பழக்கிய பையன்கள்தான்
பிறகு எங்கள் வாசலிலேயே மேசை போட்டார்கள்.

அப்பாவின் பதினாறாம் நாள்,
சோறு இலைக்கு வருமுன்பே பங்கு பிரிந்தது.
ஆளுக்கு இரண்டு கடை.
பலகையை யாரும் மாற்றவில்லை,
சரக்கு மாற்றிக்கொள்வதைத்தான் நிறுத்தினார்கள்.
வெருலத்தில் இருக்கும் தட்டு தோங்காட்டில் இல்லை.
நடுவே ஏழெட்டு மைல், கரும்பு.

கடைசி வாரம் ஒரு பையன் உள்ளே வந்து முனகினான்.
எழுபது வயதில் ஏணியேறினேன்.
எந்தத் தட்டிலும் அது இல்லை.
திரும்பிப் பார்த்தால், காதில் எதையோ செருகிக்கொண்டு
தனக்குத்தானே பாடுகிறான்.
அவன் கேட்க வந்தது சார்ஜர்.

அண்ணன்மார் இருவரும் போய்விட்டார்கள்.
கிஸ்டன் பெர்த்திலிருந்து
அதிகாரப் பத்திரம் அனுப்பினான்.
ஐம்பது வருஷத்தில் கடையின் தாள் ஒன்றுக்கு
என் கையெழுத்து தேவைப்பட்டது அன்றுதான்.
ஒட்டிக்கொண்ட பணத்தோடு
முழுப்பெயரையும் எழுதினேன்.
பேனா பாதியில் நின்றது, அதிகாரி தன்னுடையதைத் தந்தார்.

தட்டுகள் எடைக்குப் போயின.
பாட்டுக் கேட்கும் பெட்டியை மட்டும்
ஷால்கிராஸ் ஆள் ஒருவன்
நூற்றைம்பது ராண்டுக்கு எடுத்தான்.
புறா வளர்க்கவாம்.
வண்டியில் ஏற்றும்போது ஓடிப்போய்ச் சொன்னேன்:
கண்ணாடியைக் கழற்றாதே.